நடிக்க வைத்தால் வகுப்பில் சத்தம்தான் மிஞ்சுமா?

"பாத்திரமேற்று நடிக்க வைத்தால் மாணவர்களே செயல்பாட்டை முன்னின்று நடத்துவார்கள் என்கிறார்கள், என் வகுப்பில் சத்தம்தான் மிஞ்சுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். வசனத்தை நீங்களே எழுதிக்கொடுத்து ஒப்பிக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அந்தத் தவற்றைச் செய்தவன்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில், நான்காம் வகுப்புக்கு எடையளவு நடத்திக்கொண்டிருந்தேன். கால், அரை, முக்கால் கிலோக் கணக்கைக் கரும்பலகையில் ஒரு வாரம் போட்டும் பலருக்குப் பிடிபடவில்லை. ஒருநாள், "இன்று வகுப்பறைதான் சந்தை, யார் விற்பது, என்ன விலை என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். முதல் பத்து நிமிடம் கூச்சல்தான். எழுந்து அதட்டாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

ஜூன் மாதம் முதல் வாயே திறக்காத ஒரு சிறுமி, கூழாங்கற்களைக் குவித்து, கொட்டாங்கச்சித் தராசோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி பயிரிடுகிறார்கள். கிலோ 40 ரூபாய் என்றாள். முக்கால் கிலோ வாங்கிய பையன் 25 ரூபாய் என்று காகிதத்தை நீட்ட, "அரை கிலோ இருபது, கால் கிலோ பத்து. முப்பது குடு" என்று கல்லைப் பிரித்துவைத்துக் காட்டினாள். மறுநாள் இன்னொருவன், தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரியாகத் தானே வந்து நின்றான். அந்தப் பாத்திரம் என் திட்டத்திலேயே இல்லை.

இது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து முடிந்த மறுநாள், பீமன் யார், துரியோதனன் யார் என்று அவர்களே பங்கு பிரித்துக்கொண்டு ஆடுவதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பாடத்துக்கும் இதுவே வழி என்று நான் சொல்லவில்லை. வாய்பாட்டை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். என் வகுப்பில் 14 பேர்தான். 40 பேர் என்றால் கடினம் என்பதையும் அறிவேன். 2022இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது ஆடலும் பாடலும் நடிப்பும் வகுப்புக்குள் வந்ததில் மகிழ்ந்தவன் நான். ஆனால் சந்தை சூடுபிடித்த வேளையில் பார்வைக்கு வந்த ஒருவர், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுக்கச் சொன்னதும் அந்தச் சிறுமி மீண்டும் வாயை மூடிக்கொண்டாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் வாரத்துக்கு ஒரு பாடவேளையில் தொடங்குங்கள். முதல் வாரம் வாங்குபவராக நின்றவர்களை அடுத்த வாரம் விற்கச் சொல்லுங்கள். கணக்கு தவறினால் உடனே திருத்தாமல், எதிரே நிற்கும் பிள்ளை கண்டுபிடிக்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.