முன்பதிவுத் தளங்களின் வெகுமதி எவ்வளவு பெறும்? வன்னி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (வவுனியா): புக்கிங் டொட் கொம் தளத்தின் ‘ஜீனியஸ்’ என்ற உறுப்பினர் சலுகைத் திட்டத்தில் நான் இரண்டாம் நிலை. உள்ளூர் விடுதி ஒன்றுக்கு 10 வீதக் கழிவு காட்டுகிறது. நம்பிப் பதியலாமா?

பதில்: கழிவு உண்மையானதுதான். ஆனால் அதைத் தருவது தளம் அல்ல, விடுதிக்காரர். அதற்கு மேல் தளத்துக்குத் தரகும் கட்டுகிறார். 15 வீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம். அறை 12,000 ரூபாய் என்றால் கழிவு போக நீங்கள் கட்டுவது 10,800. அதில் தரகு 1,620 போக அவர் கையில் மிஞ்சுவது 9,180. இந்த இரண்டு தொகைக்கும் நடுவே எந்த விலை பேசினாலும் இரண்டு பக்கத்துக்கும் இலாபம். வன்னியில் பல விடுதிகளைக் குடும்பங்களே நடத்துகின்றன. தொலைபேசியை எடுப்பவரே விலையைக் குறைக்கக்கூடியவராக இருப்பார்.

முதலில் தளத்தில் உள்நுழைந்து, பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விடுதிக்கு எடுத்து அதே திகதி, அதே ஆட்கள், ஏசி உண்டா இல்லையா, காலைச் சாப்பாடு சேர்த்தா என்று எல்லாம் ஒன்றாக வைத்து விலை கேளுங்கள். சேவைக் கட்டணமும் வரியும் அடங்கியதா என்று கேட்க மறக்கவேண்டாம். வற் பதிவுள்ள ஹோட்டலில் 10,000 என்று சொன்ன அறை, 10 வீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 18 வீத வற் வரியும் ஏறி, பில்லில் 12,980 ஆகிவிடும். ஒத்துக்கொண்ட விலையை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

ஆவணி மடுத் திருவிழா, வைகாசி வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் மட்டும் என் யோசனை வேறு. அப்போது வாய்ப்பேச்சில் பிடித்த அறை கூடிய விலைக்கு இன்னொருவருக்குப் போய்விடக்கூடும். தளத்தின் உறுதிப்பத்திரம் கையில் இருப்பது நல்லது.

நிலையை ஏற்றுவதற்காக வீணாகப் பதியவேண்டாம். இரண்டு வருடத்துக்குள் 5 பதிவு செய்தால் இரண்டாம் நிலை, 15 செய்தால் மூன்றாம் நிலை. எட்டிய நிலை பிறகு இறங்குவதில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அமெரிக்காவில் இருக்கிற அண்ணா ஹோட்டல்ஸ் டொட் கொம்மில் பத்து இரவு தங்கினால் ஒன்று இலவசம் என்று சொன்னவர். இப்பவும் அப்படியா?

பதில்: அங்கே இல்லை. 2023 ஜூலையில் அமெரிக்காவில் அந்தத் திட்டத்தை நிறுத்தி, எக்ஸ்பீடியா முன்பதிவுத் தளத்தோடு சேர்த்து ‘வன் கீ’ என்ற பொது வெகுமதித் திட்டமாக மாற்றிவிட்டார்கள். நூறு டொலர் அறையில் பத்து இரவு தங்கியவருக்கு முன்பு நூறு டொலர் பெறுமதியான ஓர் இரவு கிடைத்தது. இப்போது அடிப்படை வெகுமதி கட்டிய பணத்தில் 2 வீதம், அதாவது இருபது டொலர். இதற்காக ஒரே தளத்தோடு ஒட்டியிருக்கத் தேவையில்லை என்று அண்ணாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினேன். என் ஹில்டன், மரியட் உறுப்புரிமை இலக்கங்களை எங்கே கொடுத்தால் புள்ளி ஏறும்?

பதில்: புக்கிங் டொட் கொம் போன்ற வெளித்தளம் வழியாகப் பதிந்தால் பொதுவாக ஏறாது. வரவேற்பு மேசையில் இலக்கத்தைக் கொடுத்தாலும் அந்த இரவுகள் உங்கள் உறுப்பினர் தரத்துக்குக் கணக்கில் வருவதில்லை. இப்படியான ஹோட்டல்களை அவர்களுடைய சொந்தத் தளத்தில் பதியுங்கள். வெள்ளவத்தை லொட்ஜ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி (மல்லாவி): பதியும்போது பணமீட்பு (கேஷ்பேக்) என்று காட்டியது. தங்கி வந்து இரண்டு கிழமை, ஒன்றும் வரவில்லை.

பதில்: பதிந்தவுடன் காட்டுவது நிலுவைத் தொகை. தங்கி முடித்த பிறகே அது உறுதியாகும், அதற்குப் பல கிழமைகள் எடுக்கலாம். சில சலுகைகளில் நீங்களே கணக்குக்குள் போய் ‘பெற்றுக்கொள்’ என்று அழுத்தவேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. உள்நுழையாமல் பதிந்தால் பெரும்பாலும் அது உங்கள் கணக்கில் சேராது. உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் எந்த முகவரிக்கு வந்தது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (மாங்குளம்): அம்மாவைச் சிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன். பணம் திருப்பித் தராத அறைக்குக் கூடுதல் வெகுமதி தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மருத்துவர் தரும் திகதி ஒரு நாள் தள்ளினாலே கட்டிய பணம் முழுவதும் போகும். வெகுமதியும் கூடவே போகும். இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய அறையை எடுத்து, கெடு முடியும் திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி 24 மணித்தியாலத்துக்குள் அவருடைய விபரங்களை அரசாங்கத்திடம் பதியவேண்டும். அந்த வேலைக்கு விரும்பாத லொட்ஜ்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்பார்கள். நோயாளியோடு நடுத்தெருவில் நிற்கக்கூடாது. பதியுமுன் விடுதிக்கு எடுத்து, இலங்கையரை ஏற்பார்களா என்று கேளுங்கள். அம்மாவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே போடுங்கள். கடனட்டையால் கட்டினால் நாணய மாற்றுக் கட்டணத்தை வங்கியிடம் விசாரியுங்கள். கிடைக்கிற வெகுமதியை அது ஒரேயடியாக விழுங்கிவிடலாம்.

கேள்வி (முல்லைத்தீவு): மூன்று அறை வைத்து விடுதி நடத்துகிறேன். ஜீனியஸில் சேரலாமா?

பதில்: கழிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதை அறிந்து சேருங்கள். 10,000 ரூபாய் அறைக்கு ஜீனியஸ் 10 வீதமும், கைப்பேசியில் பதிபவர்களுக்கான கைப்பேசிக் கழிவு 10 வீதமும் போனால் 8,100. தரகு 15 வீதம் கழிய உங்களுக்கு 6,885. ஆள் வராத மாதங்களுக்கு இது சரி. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து சனம் வரும்போது கைப்பேசிக் கழிவை நிறுத்தி வையுங்கள்.