போன் பிடித்த கை தெரிகிறது, நம்பர் பிளேட் தெரியவில்லை: புகார் கொடுக்கலாமா?

சைக்கிளில் போகும்போது, போனைப் பிடித்தபடி கார் ஓட்டியவர் உங்கள் கேமராவில் பதிவாகியிருக்கிறார். புகார் கொடுங்க, தயங்க வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் 2 நொடி போனைப் பார்த்தால் கார் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும்; முன்னால் போகிற சைக்கிள் அதற்குள்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் வீடியோவில் பிளேட் கலங்கியிருக்கிறது என்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் நடுக்கம். ஹெல்மெட்டைவிட ஹேண்டில்பாரில் அதிர்வு அதிகம். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், எழுத்து இழுபடும். அடுத்த முறை கேமராவில் நொடிக்கு 60 பிரேம் (படங்கள்) வைத்துப் பாருங்கள். எண்ணைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், மைக்கில் பதிவாகும். (கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.)

ஓட்டுநர் குனிந்திருப்பது மட்டும் போதாது. கையில் போன் இருப்பது தெரிய வேண்டும். பக்கக் கண்ணாடியில் வானம் பிரதிபலித்துப் பல வீடியோக்கள் வீணாவது இங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் அசல் கோப்பை நகலெடுங்கள், லூப் ரெக்கார்டிங் (கார்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாவது) அதை அழித்துவிடும். வெட்டாமல், இசை சேர்க்காமல், முன்னும் பின்னும் ஒரு நிமிடத்தோடு போலீசுக்குக் கொடுங்கள். கேமராவின் தேதி, நேரம் சரிதானா என்றும் பாருங்கள். அதற்கு முன் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். சிக்னலில் கண்ணாடியைத் தட்டிச் சண்டைக்குப் போவதும் வேண்டாம். அந்தக் காட்சியும் வீடியோவில் இருக்கும்.