மூலைக்கு ஒரு மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டில், அலமாரி என்று வாங்கியதில் கையிருப்பு முக்கால்வாசி கரைந்துவிட்டது. பத்தடிக்கு ஒன்பதடி அறை ஒன்றை வேலை அறையாக ஒதுக்கியிருக்கிறேன். தினமும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும், கையால் எழுதுகிற வேலையும் உண்டு. மூலையில் எல் வடிவ மேசை போட ஆசை. விலையும் குறைவாக இருக்க வேண்டும், இரண்டே வருடத்தில் ஆட்டம் காணவும் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் வேலைக்கு மூலை மேசை நன்றாகவே பொருந்தும். லேப்டாப் மட்டும்தான் என்று எழுதியிருந்தால் நாலடி நீள சாதாரண மேசையே போதும் என்று சொல்லியிருப்பேன். திரை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று உடம்பைத் திருப்பி உட்காருகிறவருக்கு எல் வடிவம் கொடுக்கிற இடமே தனி.

கடைப்பக்கம் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க நினைக்கிற மேசையின் அளவுக்கே வெட்டி (பெரும்பாலும் ஒரு பக்கம் 150, மறு பக்கம் 120, அகலம் 60 சென்டிமீட்டர் இருக்கும்) அந்த மூலையில் தரையில் விரித்துவிட்டு, உங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பாருங்கள். கதவு முழுசாகத் திறக்கிறதா, அலமாரிக் கதவு நாற்காலியில் இடிக்கிறதா, பிளக் பாயின்ட் மேசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதா, எல்லாம் அந்தக் காகிதமே சொல்லிவிடும். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து 75 சென்டிமீட்டராவது வேண்டும், 90 இருந்தால் நிம்மதி. ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மூலையாகத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

அப்புறம், மூலை சரியான மூலைதானா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் இரண்டு சுவரும் நேர்கோணத்தில் சேர்ந்திருக்காது. மேசை வைக்கப்போகும் உயரத்தில், மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 சென்டிமீட்டரிலும் மறு சுவரில் 80 சென்டிமீட்டரிலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப் பிடித்தால் சரியாக 100 வர வேண்டும். 101 வந்தால் கோணம் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டால், ஐந்தடி நீளத்தின் நுனிக்குப் போகும்போது சுவருக்கும் மேசைக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் சந்து விழும், வைக்கிற பேனா எல்லாம் அதற்குள் போய்விடும். 99 வந்தால் மேசை மூலைக்குள் முழுசாகப் போய் உட்காரவே உட்காராது. இரண்டும் பெரிய குறை இல்லை. தெரிந்துகொண்டு வாங்கினால் அந்த இடைவெளியையே ஒயர் இறக்குகிற வழியாக்கிக்கொள்ளலாம்.

சரி, மேசைக்கு வருவோம். விலை குறைவு என்றாலே பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், கனத்தைப் பாருங்கள். அதே பலகை 18 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டர் ஆகும்போது வளையாமல் நிற்கும் சக்தி இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடும். 15, 16 மில்லிமீட்டர் பலகை, நடுவில் காலோ இரும்புச் சட்டமோ இல்லாமல் நாலடி நீளம் போகிறது என்றால் அது வேண்டாம். மானிட்டர் வைத்த சில மாதத்திலேயே நடுவில் தொய்ந்துவிடும்.

கடையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை, குனிந்து மேசையின் அடியைப் பாருங்கள். போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மூலையில் பலகைகள் சேருகிற இடத்துக்கு நேர் கீழே கால் இருக்கிறதா? வெறும் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கி விட்டிருந்தால் முதலில் இறங்கப்போவது அந்த இடம்தான். பின்பக்கம் காலையும் காலையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் உண்டா? முன் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அது உடனே தெரியும். அடுத்து விளிம்புகள். மேலே பளபளவென்று லேமினேட் இருந்தாலும், பின்பக்க விளிம்பையும் ஒயர் போகும் ஓட்டையையும் விளிம்புப் பட்டை ஒட்டாமல் வெறும் பலகையாகவே விட்டுவிடுவார்கள். என் பழைய மேசையில் அந்த ஓட்டை ஓரமாகத் தண்ணீர் சிந்தியது, உடனே துடைத்தும்விட்டேன். ஆனாலும் ஒரு வாரத்தில் அந்த இடம் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, லேமினேட் உதடு போலத் தூக்கிக்கொண்டது. ஒருமுறை உப்பினால் திரும்ப அமுங்காது. வாங்கி வந்த அன்றே திறந்த விளிம்புகளில் வார்னிஷோ மரப்பசையோ இரண்டு தடவை பூசிவிடுங்கள், பத்து நிமிட வேலை.

டிராயர், மேலே புத்தகத் தட்டு, இழுக்கிற கீபோர்டு தட்டு, இதற்கெல்லாம் இப்போது காசு கொடுக்காதீர்கள். மலிவு மேசையில் முதலில் கழன்று வருவது அவைதான், முழங்கால் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பணம் கனமான பலகைக்கும் காலுக்கும் போகட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நிறைய பேர் யோசிப்பதில்லை. ஒரே உயரமுள்ள சாதாரண மேசை இரண்டை வாங்கி எல் போலச் சேர்த்துப் போடுவது. ஒன்று 120க்கு 60, பக்கத்தில் 90க்கு 50. பெரும்பாலும் எல் மேசையைவிடக் குறைவாகவே முடியும், வீடு மாறினால் பிரித்து வேறு வேறு அறையில் போடலாம். அடியில் இரண்டு தட்டை இரும்புப் பட்டை வைத்து இணைத்துவிட்டால் நகராது. ஸ்க்ரூ மட்டும் பலகையின் கனத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே முனை எட்டிப் பார்க்கும். ஆனால் நேர்மேசை முன்னால்தான் உட்கார முடியும், மூலைக்குள் உட்கார நினைத்தால் நடுக்கால்கள் முட்டியில் இடிக்கும். பெரிய மானிட்டரை மூலையில் வைத்துக் கோணலாக உட்காரப்போகிறீர்கள் என்றால் எல் மேசையே சரி. 60 சென்டிமீட்டர் அகலத்தில் உள்மூலையிலிருந்து சுவர் மூலைவரை 85 கிடைக்கும், திரையைக் கண்ணிலிருந்து கை நீளத் தூரத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் பயன்படுத்திய மூலை மேசையைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். கழற்றித்தான் கொண்டுவர முடியும். வாங்கலாமா?

பதில்: இரும்புக் காலும் பிளைவுட் பலகையுமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் கழற்றும்போது நீங்களும் கூட இருங்கள். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் விரியும், தூள் கொட்டும். லேசாக விரிந்ததைச் சரிசெய்யலாம்: மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளை ஓட்டைக்குள் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டு ஸ்க்ரூ போட்டால் பிடிக்கும். ஓட்டையைச் சுற்றிப் பலகையே பிளந்திருந்தால் பாதி விலையும் அதிகம்தான்.

கேள்வி: மேசை வந்து நான்கு நாளாகிறது, அறையில் கண்ணை எரிக்கிற மாதிரி வாசனை. குழந்தை தூங்குகிற அறை.

பதில்: பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்த வேதிப்பொருள் அது. அதனால் வாசனை அடங்கும்வரை குழந்தையை வேறு அறையில் தூங்க வையுங்கள். ஜன்னல்களைத் திறந்து, காற்று வெளியே போகிற மாதிரி மின்விசிறியை வையுங்கள். சூடும் ஈரமும் கூடினால் இது இன்னும் அதிகமாக வெளிவரும், ஆகவே அறையைப் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த தடவை வாங்கும்போது பலகையில் இ1 (E1) அல்லது இ0 (E0) என்ற குறி, அதாவது ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவரும் பலகை என்பதற்கான அடையாளம், இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டில் இ0 வகையில் இது இன்னும் குறைவாக வரும்.