லேடெக்ஸில் நிரலும் அதன் விளைவும் அருகருகே: கேள்வி பதில்

கேள்வி: லேடெக்ஸில் (கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) செய்யும் கையேட்டில் இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் விளைவு வர வேண்டும். இரண்டு மினிபேஜ் (பக்கத்துக்குள் ஒரு சிறு பெட்டி) போட்டு, ஒன்றில் வெர்பாட்டிமாகவும் (எழுதியபடியே அச்சாகும் வகை) மற்றதில் கட்டளையாகவும் அதே வரிகளை ஒட்டுகிறேன். இது போதுமா?

பதில்: வேண்டாம். அடுத்த திருத்தத்தில் ஒரு பக்கம் மாறும், மறுபக்கம் பழையபடியே நிற்கும். அதை நம்பித் தட்டிப் பார்ப்பவருக்கு வேறொன்று வரும். நிரல் ஒரே இடத்தில் இருக்கட்டும். டிசிகலர்பாக்ஸ் பேக்கேஜை (பெட்டிகள் வரையும் கூடுதல் தொகுப்பு) ஏற்றி, அதன் லிஸ்டிங்ஸ் நூலகத்தையும் சேருங்கள். பிறகு டிசிபிலிஸ்டிங் சூழலுக்கு (தொடக்க, முடிவுக் கட்டளைகளுக்கு இடைப்பட்ட பகுதி) 'லிஸ்டிங் சைட் டெக்ஸ்ட்' என்ற விருப்பத்தைக் கொடுங்கள். உள்ளே எழுதியது ஒரு தற்காலிகக் கோப்பில் சேர்ந்து, அங்கிருந்து இரண்டு முறை படிக்கப்படும்: ஒருமுறை எழுத்துக்கு எழுத்து அச்சாக, ஒருமுறை கட்டளையாக. அகலம் சரிபாதி. நிரல் வரிகள் நீளம் என்றால் 'லெஃப்ட்ஹேண்ட் ரேஷியோ'வை 0.6 ஆக்குங்கள்.

கேள்வி: இதைப் பீமர் (லேடெக்ஸில் ஸ்லைடு செய்யும் வகுப்பு) ஸ்லைடில் போட்டால் கம்பைல் நின்றுவிடுகிறதே?

பதில்: ஃபிரேமுக்கு (ஸ்லைடை எழுதும் சூழல்) 'ஃபிராஜைல்' விருப்பத்தைக் கொடுங்கள். ஃபிரேமை மூடும் கட்டளை தனி வரியில், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். காரணம்: ஃபிரேமின் உள்ளடக்கம் முழுவதையும் பீமர் முதலிலேயே படித்துவிடுகிறது. அப்போதே பேக்ஸ்லாஷ், சதவீதக் குறி எல்லாம் தம் வழக்கமான பொருளைப் பெற்றுவிடும். அதன்பின் அவற்றை வெறும் எழுத்தாக மாற்ற வழியில்லை. வேறொரு கட்டளையின் அடைப்புக்குள் இந்தச் சூழலை வைத்தாலும் இதே கதிதான். உங்களுக்கென ஒரு சூழல் வேண்டுமானால் நியூடிசிபிலிஸ்டிங் கட்டளை கொண்டு வரையறுங்கள்.

கேள்வி: எடுத்துக்காட்டுக்குள் ஃபிகர் சூழல் (பக்கத்தில் இடம் தேடி மிதக்கும் படம்) வைத்தால் 'நாட் இன் அவுட்டர் பார் மோட்' என்ற பிழை வருகிறது.

பதில்: பெட்டிக்குள் மிதக்கும் படம் நிற்காது. படத்தை நேரடியாக வைத்து, கேப்ஷன் பேக்கேஜின் 'கேப்ஷன்ஆஃப்' மூலம் தலைப்பிடுங்கள்.

கேள்வி: நீளமான எடுத்துக்காட்டு அடுத்த பக்கத்துக்கு உடையவில்லை.

பதில்: அருகருகே வைத்த பெட்டி உடையாது. 'லிஸ்டிங் அண்ட் டெக்ஸ்ட்' கொடுத்து மேலும் கீழுமாக்கி, 'பிரேக்கபிள்' சேருங்கள். அதற்கு அதே பெயருள்ள நூலகமும் வேண்டும்.

கேள்வி: நிரலில் தமிழ் வந்தால் எழுத்துகள் இடம் மாறுகின்றன. லுவாலேடெக்ஸ்தான் (யூனிகோடைப் படிக்கும் லேடெக்ஸ் வகை) பயன்படுத்துகிறேன்.

பதில்: நிரலை அச்சிடும் லிஸ்டிங்ஸ் பேக்கேஜ் 8 பிட் எழுத்துகளுக்காகக் (மொத்தம் 256தான்) கட்டப்பட்டது, அந்த எல்லை தாண்டிய எழுத்துகளின் வரிசை அதில் குலைகிறது. டிசிகலர்பாக்ஸின் மின்டட் (நிரலை அச்சிடும் மற்றொரு பேக்கேஜ்) நூலகத்தை ஏற்றி, 'லிஸ்டிங் எஞ்சின்' மதிப்பை மின்டட் என்று மாற்றுங்கள். மின்டட்டுக்குப் பைதான் மொழி கணினியில் இருக்க வேண்டும். மின்டட் பழைய பதிப்பானால் பிக்மென்ட்ஸும் (நிரலுக்கு நிறமிடும் பைதான் தொகுப்பு) நிறுவி, 'ஷெல் எஸ்கேப்' (வெளி நிரலை இயக்கும்) அனுமதியோடு ஓட்ட வேண்டும். நிரலுக்கான எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் அந்த எழுத்துகள் சரியாக அச்சாகாது. ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் (எழுத்துருவைத் தேர்வது) தமிழுள்ள எழுத்துருவைத் தேர்ந்து, ரெண்டரரை (எழுத்தை வடிவமைக்கும் பகுதி) ஹார்ஃப்பஸ் என்றும் ஸ்கிரிப்ட்டைத் தமிழ் என்றும் குறித்தால் கொம்பும் காலும் தம் இடத்தில் அமரும்.