சின்ன அறைக்கு என்ன நிறம்? பெயிண்டர் அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பெருமாள்புரம்): அண்ணாச்சி, பத்துக்கு எட்டு அறை. நான்கு சுவருக்கும் பளிச்சென்று வெள்ளை அடித்தும் அடைசலாகவே தெரிகிறதே?

பதில்: வெள்ளை அடித்தால் அறை பெரிதாகிவிடும் என்பது பாதி உண்மைதான். அறையைக் குறுக்குவது நிறத்தைவிட, நிறம் மாறுகிற கோடுகள். நீங்கள் அனுப்பிய படத்தில் கறுப்பு ஜன்னல் கம்பி, தரையோரம் காப்பி நிறப் பட்டை, அதற்கு மேல் அழுக்குத் தெரியாமலிருக்க மூன்றடி உயரத்துக்கு ஆயில் பெயிண்ட், மூலையில் சாம்பல் பச்சையில் இரும்பு பீரோ. கண் ஒவ்வொன்றிலும் முட்டி நிற்கிறது. ஜன்னல் சட்டம், கம்பி, தரையோரம் எல்லாவற்றையும் சுவரின் நிறத்திலேயே அடியுங்கள். அந்த மூன்றடிப் பட்டை முதலில் போகட்டும். சுவரை இரண்டாக வெட்டுவது அதுதான். பீரோவை உப்புத்தாளால் தேய்த்து, மெட்டல் பிரைமர் ஒரு கை, சுவர் நிறத்தில் எனாமல் இரண்டு கை. பீரோ அங்கேயே இருக்கும், கண்ணுக்குத்தான் உறுத்தாது. தேக்குக் கதவை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல மரத்தை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): பழைய வீடு. அரங்குக்கு (உள்ளறைக்கு) ஜன்னலே கிடையாது. மச்சில் மர உத்தரங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாமா?

பதில்: சுண்ணாம்புச் சுவர் என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் ஏறும் ஓதம் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எமல்ஷன் அதை அடைத்துவிடும். பிறகு பெயிண்ட் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பே அடியுங்கள். ஆனால் வழக்கமாகக் கலக்கும் நீலத்தை இங்கே குறைத்துவிடுங்கள். வெளிச்சம் வராத அறையில் நீலம் கலந்த வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க அங்கே ஒளி வேண்டுமே! கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து சந்தன நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு 3000 கெல்வினில், அதாவது இளமஞ்சள் ஒளியில் இருக்கட்டும். அதை மச்சை நோக்கித் திருப்பி வையுங்கள். உத்தரங்களுக்கு எண்ணெய் மட்டும் பூசி, இடைவெளிகளை வெள்ளையாக விட்டால் உயரம் கூடித் தெரியும்.

கேள்வி (மேலப்பாளையம்): பட்டாசாலை (கூடம்) ஆறடி அகலம், பதினெட்டடி நீளம். ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது.

பதில்: கோடியில் இருக்கும் சின்னச் சுவருக்கு மட்டும் செங்காவி போல அடர்ந்த நிறம் கொடுங்கள், அது முன்னால் வந்து நிற்கும், நீளம் குறையும். பக்கச் சுவர்களுக்கு வெளிறிய பச்சையோ நீலமோ அடித்தால் அவை விலகித் தெரியும். நிறத்தைத் தேர்வு செய்யும்போது, அது எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்ற எண்ணைக் கடையில் கேளுங்கள். கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. பக்கச் சுவர்களுக்கு 60-க்கு மேல் இருப்பது நல்லது.

கேள்வி (தியாகராஜநகர்): வடக்கு ஜன்னல் அறையில் குளிர்ந்த ஒளிதான் வரும், வெதுவெதுப்பான நிறம்தான் வேண்டும் என்று படித்தேன். சரியா?

பதில்: அது ஐரோப்பாவுக்கு எழுதியதாக இருக்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டே முக்கால் டிகிரியில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். உங்கள் ஜன்னலில் நேராகவே வெயில் விழும். மார்கழியில் கதை வேறு. அதனால் நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிச் சதுரமாக இரண்டு சுவர்களில் அடித்து, காலை, பிற்பகல், இரவு விளக்கு என்று மூன்று வேளையும் பாருங்கள். மேற்குச் சுவர்தான் ஏமாற்றும்: சாயங்கால வெயிலில் கிரீம் நிறம் மாம்பழ மஞ்சளாகிவிடும்.

கேள்வி (வள்ளியூர்): பளபளப்பு பெயிண்ட் அடித்தால் அறை பெரிதாகத் தெரியும் என்கிறார் எங்கள் பெயிண்டர்.

பதில்: ஒளியைத் திருப்பும், உண்மை. பட்டி பார்த்தது ஒழுங்காக இல்லை என்றால் கரண்டித் தடம் ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும், அதுவும் உண்மை. கூரைக்கு மினுக்கமே இல்லாத மேட் பெயிண்ட், சுவருக்கு மிதமான மினுக்கம் போதும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): மகள் தன் சின்ன அறைக்கு அடர் நீலம்தான் வேண்டும் என்கிறாள்.

பதில்: அடித்துக் கொடுங்கள் அம்மா. கூரையையும் சேர்த்து அதே நீலத்தில், மேட்டாக அடித்தால் மூலைகள் மறைந்து, அறை எங்கே முடிகிறது என்பதே தெரியாது. ஒற்றைச் சுவருக்கு மட்டும் அடித்தால்தான் குறுகும். ஆனால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும், அதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பேட்டை): வாடகை அறை. பெயிண்டில் கை வைக்க முடியாது.

பதில்: சுவர் நிறத்திலேயே திரைச்சீலை வாங்கி, ஜன்னலுக்கு மேல் அல்ல, கூரையை ஒட்டித் தொங்கவிடுங்கள் தம்பி. ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி.

கேள்வி (களக்காடு): புதிதாகக் கட்டிய மாடி அறையில் நேற்றுத்தான் சிமெண்ட் பூச்சு முடிந்தது. பத்து நாளில் பால் காய்ச்ச வேண்டும்.

பதில்: பூச்சு 28 நாளாவது காய வேண்டும் ஐயா. அவசரப்பட்டு எமல்ஷன் அடித்தால் உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாகிவிடும். இப்போதைக்குச் சுண்ணாம்பு ஒரு கை அடித்துப் பால் காய்ச்சிவிடுங்கள். பிறகு அதை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரைமரில் தொடங்கலாம். சுரண்டுகிற கூலியையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.