கமிட் பண்ணியாச்சு, சிவப்பு மட்டும் போகமாட்டேங்குது

கேள்வி: விண்டோஸ்ல டார்டாய்ஸ் எஸ்விஎன் (ஃபைல்ல பண்ற மாற்றங்கள சர்வர்ல வெர்ஷன் வெர்ஷனா பதிவு பண்ணி வைக்கற புரோகிராம்) யூஸ் பண்றேன். கமிட், அதாவது மாற்றத்த சர்வருக்கு அனுப்பறது, முடிஞ்சப்புறமும் ஃபோல்டர் மேல சிவப்பு ஆச்சரியக்குறி அப்படியே நிக்குது, எஃப்5 அழுத்தினாலும் மாறல. ஃபோல்டரையே டெலிட் பண்ணிட்டு சர்வர்லேர்ந்து திரும்ப செக்அவுட் பண்ணா (இறக்கிக்கிட்டா) சரியாகுது, ரெண்டு நாள்ல மறுபடி அதே கதை. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த டெலிட் பண்றத நிறுத்துங்க, ப்ளீஸ். ஆட் பண்ணாத ஃபைல், கமிட் ஆகாத மாற்றம் எதாவது அதுக்குள்ள இருந்தா அதோட போயிடும், சர்வர்ல அதுக்கு காப்பியே கிடையாது. நானும் ஒரு தடவை இப்படி செஞ்சு அரை நாள் வேலைய இழந்திருக்கேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஐகான் காட்டுறது ஃபைலோட இப்போதைய நிலைமை இல்ல. பின்னாடி டிஎஸ்விஎன்கேச்னு ஒரு புரோகிராம் ஓடிட்டே இருக்கும், அது கடைசியா பாத்து ஞாபகம் வெச்சிருக்கறதத்தான் எக்ஸ்ப்ளோரர் வரைஞ்சு காட்டுது, அந்த ஞாபகம் பழசாயிடுச்சுன்னா ஐகானும் பழசு. அதனால உண்மை தெரியணும்னா ரைட் கிளிக் பண்ணி செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ் போடுங்க, இல்ல கமாண்ட் லைன்ல எஸ்விஎன் ஸ்டேட்டஸ் அடிங்க, ரெண்டும் வொர்க்கிங் காப்பியையே (உங்க மெஷின்ல இருக்கற அந்த ஃபோல்டரையே) நேரா பாத்து சொல்லும்.

இப்ப அதுல ஏதாவது ஃபைல் வந்துச்சுன்னா ஐகான் பொய் சொல்லல, கமிட் பண்றப்ப எங்கயோ ஆழத்துல ஒரு ஃபைலுக்கு டிக் விட்டுப்போயிருக்கும், உள்ள ஒண்ணு மாறியிருந்தாலும் மேல இருக்கற ஃபோல்டர் வரைக்கும் சிவப்பு ஏறிடும். கேள்விக்குறியோட புது ஃபைல் மட்டும் வருதுன்னா டார்டாய்ஸ் செட்டிங்ஸ்ல ஐகான் ஓவர்லேஸ் (ஃபோல்டர் மேல ஒட்டற குட்டி அடையாளம்) பக்கம் பாருங்க, வெர்ஷன்ல சேராத ஃபைல் இருந்தாலும் ஃபோல்டர மாறினதா காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஆன்ல இருக்கலாம்.

எதுவுமே வரல, ஆனாலும் சிவப்புன்னா கேச்தான், அதாவது அந்த பழைய ஞாபகம்தான் காரணம். டார்டாய்ஸ் மெனுல க்ளீன்அப் போங்க, வர்ற பெட்டியில ரெஃப்ரெஷ் ஷெல் ஓவர்லேஸ்னு இருக்கறதுக்கு டிக் போட்டு ஓகே குடுங்க. அதே பெட்டியிலதான் எல்லா மாற்றத்தையும் ரிவர்ட் பண்றதும் (பழையபடி ஆக்கறதும்), வெர்ஷன்ல சேராத ஃபைலை டெலிட் பண்றதும் இருக்கு, அவசரத்துல அதுல டிக் விழுந்துடாம ஒரு தடவை நிறுத்தி படிச்சுட்டு அழுத்துங்க. அதுக்கும் மசியலன்னா டாஸ்க் மேனேஜர்ல டிஎஸ்விஎன்கேச்ச எண்ட் டாஸ்க் பண்ணிடுங்க, பயப்பட வேண்டாம், தேவைப்படும்போது அதுவே திரும்ப எழுந்து எல்லாத்தையும் புதுசா படிச்சுக்கும். நீங்க யூஸ் பண்றது எஸ்விஎன்-க்கு பதிலா டார்டாய்ஸ் கிட் (Git) அப்படின்னா அந்த புரோகிராம் பேரு டிகிட்கேச், வைத்தியம் அதேதான்.

பழைய ஐகான் நிக்கறது வேற, ஐகானே வராம போறது வேற. ஐகானே காணோம்னா கேச்ச தொட்டு பிரயோஜனம் இல்ல, விண்டோஸ்ல ஓவர்லே ஐகானுக்கு மொத்தமே 15 இடம்தான், அதுலயும் சிலத விண்டோஸே எடுத்துக்கும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி ஆளுங்க ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸ வெச்சிருக்கற இடம்) தங்களோட பேருக்கு முன்னாடி ஸ்பேஸ் போட்டு வரிசையில முந்திக்கறாங்க, அகர வரிசைப்படி இடம் குடுக்கறதால டார்டாய்ஸ் வெளியில நிக்கும், தேவையில்லாத கிளவுட் புரோகிராம தூக்கிட்டு மறுபடி லாகின் பண்ணா வந்துடும்.

உங்க ஃபோல்டர் எங்க இருக்குன்னு நீங்க எழுதல. நெட்வொர்க் டிரைவ்ல இருந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை திரும்ப வர்றதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு நெனைக்கறேன், ஏன்னா வேற மெஷின்ல நடக்கற மாற்றம் உங்க கேச்சுக்கு ஒழுங்கா தகவல் வராது. அதே ஐகான் ஓவர்லேஸ் பக்கத்துல ஸ்டேட்டஸ் கேச்ங்கற இடத்துல டீஃபால்ட்டுக்கு பதிலா ஷெல்னு மாத்திப் பாருங்க, ஒவ்வொரு ஃபோல்டர திறக்கும்போதும் புதுசா படிக்கும், கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், உள் ஃபோல்டர்ல மாறினத மேல காட்டாது. முடிஞ்சா வொர்க்கிங் காப்பிய லோக்கல் டிஸ்க்குக்கே கொண்டு வந்துடுங்க, அதுக்கு முன்னாடி மறக்காம செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்.