16 மணி நேரம் பட்டினி கிடந்தா செல் க்ளீன் ஆயிடுமா?

கேள்வி: எனக்கு வயசு 52. சுகருக்கு மெட்ஃபார்மின், க்ளிமிபிரைடு ரெண்டும் போடுறேன். 16 மணி நேரம் சாப்பிடாம இருந்தா ஆட்டோஃபேஜி ஸ்டார்ட் ஆகி பழைய செல் எல்லாம் அழிஞ்சு புதுசு வரும்னு வீடியோல சொல்றாங்க. நானும் ட்ரை பண்ணலாமா டாக்டர்?

பதில்: முதல்ல மாத்திரை விஷயத்த சொல்லிடறேன். க்ளிமிபிரைடு கணையத்த இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, அதனால அத போட்டுட்டு பட்டினி கிடந்தா லோ சுகர் ஆகி கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கமே போட்டுடலாம். நீங்களா ஆரம்பிக்காதீங்க.

இப்ப ஆட்டோஃபேஜிக்கு வரேன். இதுல செல் அழியறதில்ல, செல் உயிரோட இருந்துகிட்டே தனக்குள்ள பழுதான பாகத்த மட்டும் பிரிச்சு எடுக்குது. வீட்ட இடிக்காம, பழுதான கதவு, ஜன்னல மட்டும் கழட்டி, அந்த மரத்த அதே வீட்டுக்கே திரும்ப யூஸ் பண்றாங்கல்ல, அந்த மாதிரி தான். ரெண்டு அடுக்கு சவ்வு ஒண்ணு உருவாகி, அந்த பாகத்த சுத்தி வளைச்சு பை மாதிரி மூடிக்கும், அப்புறம் அந்தப் பை லைசோசோமோட போய் ஒட்டிக்கும், லைசோசோம் உள்ள ஆசிட்டும் என்சைமும் இருக்கு, எல்லாத்தையும் அமினோ அமிலம், கொழுப்பு அமிலம்னு கரைச்சு செல்லுக்கே திருப்பிக் குடுத்துடும்.

எத உடைக்கணும்னு எப்படித் தெரியுதுங்கறது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். செல்லுக்கு சக்தி தயாரிச்சுக் குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாங்கிற பாகத்தையே எடுத்துக்குங்க. நல்லா இருக்கிற மைட்டோகாண்ட்ரியா பிங்க்1ங்கிற புரோட்டீன உள்ள இழுத்து அப்பப்ப அழிச்சிடும். பழுதானா இழுக்க முடியாது, பிங்க்1 வெளிப்புறமே சேந்துகிட்டே போகும், அத பாத்து பார்கின்னு இன்னொண்ணு வந்து மேல எல்லாம் யுபிக்விட்டின் அடையாளத்த ஒட்டிடும், அவ்ளோதான், பை வந்து தூக்கிட்டுப் போயிடும். இந்த ரெண்டு புரோட்டீனுக்கான ஜீன்ல கோளாறு இருந்தா சின்ன வயசுலயே பார்கின்சன் நோய் வரலாம்.

பட்டினிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, அத மறுக்கல. ஜப்பான்ல யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்ல பட்டினி போட்டுத்தான் இத மைக்ரோஸ்கோப்புல பாத்தார், இதுக்குத் தேவையான ஜீன்களையும் ஈஸ்ட்ல தான் கண்டுபுடிச்சார், 2016ல நோபல் குடுத்தாங்க. இன்சுலினும் அமினோ அமிலமும் நிறைய இருந்தா எம்டார்ங்கிற சிக்னல் ஆட்டோஃபேஜிய அடக்கி வைக்கும், பட்டினில அந்தப் பிடி தளரும். ஆனா சாப்பிட்டு உக்காந்திருக்கும்போதும் இது கொஞ்சமா நடந்துகிட்டே தான் இருக்கு, 16வது மணி நேரத்துல யாரும் சுவிட்ச் போடறதில்ல. அந்த நம்பர் எங்கேருந்து பிடிச்சாங்களோ! லிவர்ல நடக்கிறதும் மூளைல நடக்கிறதும் ஒண்ணு கிடையாது, உங்களுக்கு எவ்ளோ நடந்துச்சுன்னு பாக்க லேப்ல சாதாரண ப்ளட் டெஸ்டும் இல்ல. இன்னொண்ணு, ஆட்டோஃபேஜி கூடினா நல்லதுன்னும் எப்பவும் சொல்ல முடியாது, ஏற்கனவே வளந்துட்ட புற்றுநோய் செல்லும் சத்து கிடைக்காதப்போ இத வச்சுத்தான் தாக்குப் புடிக்குது.

வெயிட் குறைக்க, சுகர் கன்ட்ரோலுக்குன்னு நேரம் பாத்து சாப்பிடறது தனிக்கதை, சிலருக்கு அது உதவும். அதுதான் நோக்கம்னா உங்க டாக்டர்கிட்ட போய் "நான் ஒரு வேளை சாப்பாட்ட விடப் போறேன், க்ளிமிபிரைட குறைக்கணுமா, நிறுத்தணுமா"ன்னு கேளுங்க, ஆரம்பிக்கிற நாட்கள்ல வீட்லயே குளுக்கோமீட்டர்ல பாத்துகிட்டே இருங்க, 70க்குக் கீழ போனா உடனே குளுக்கோஸ் எடுத்துக்குங்க, பட்டினி கலைஞ்சுடுமேன்னு யோசிக்க வேணாம்.